ரத்தக்குழாய் சுவர் பலமாக என்ன சாப்பிடலாம்?

கொடைரோட்டான் | 4 பிப்ரவரி, இரவு 9.10

அப்பாவுக்கு 61 வயது. சுகர், பிரஷர் இரண்டும் பல வருடமாக இருக்கிறது. பீடி உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு வந்தது: இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் நான்கையும் சம அளவில் காய்ச்சி, ஆறியதும் தேன் கலந்து தினமும் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன். ரத்தக்குழாய் சுவர் இரும்பாகிவிடும், அடைப்பெல்லாம் கரையும் என்று போட்டிருந்தார்கள். அப்பா ஒரு மாதமாகக் குடிக்கிறார். "இது போதும்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். சுவரைப் பலப்படுத்த நிஜமாகவே ஏதாவது உணவு இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்க்காரி | 4 பிப்ரவரி, இரவு 10.45

சாற்றைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் மாத்திரை. நாளைக்கே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய், எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையில் சில வகையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அதோடு பூண்டுச் சாறு தினமும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். தேன், சுகர்காரருக்குச் சர்க்கரைதான்.

அந்தச் சாறு படிந்துவிட்ட அடைப்பைக் கரைக்காது. அடைப்பு குழாயின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அழுக்கு இல்லை. சுவரின் உறைக்குள்ளேயே, உள்தோலுக்குக் கீழே, கொழுப்பும் செல்களும் நாரும் சேர்ந்து வளர்ந்த புடைப்பு அது. வாய் வழியாகப் போகும் எந்தப் புளிப்பும் அங்கே போய் அதைக் கழுவ முடியாது.

மேலூர்க்காரி | 5 பிப்ரவரி, காலை 6.20

ராத்திரி அவசரத்தில் எழுதினேன். கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். ரத்தக்குழாய் சுவரைத் தினமும் விரலால் தொட்டுப் பார்ப்பது, அதில் ஊசி ஏற்றுவது, இதுதான் என் வேலை. சுவர் எப்படிப் பலமாகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கக் கிடைக்கும் இடம் டயாலிசிஸ் யூனிட் மாதிரி வேறு இல்லை.

கிட்னி பழுதானவருக்கு டயாலிசிஸில் ரத்தத்தை ஊசி வழியாக வெளியே எடுத்து, மெஷினில் சுத்தப்படுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காக மணிக்கட்டிலோ முழங்கைப் பக்கமோ ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். இதயத்திலிருந்து வரும் தமனியையும், திரும்பிப் போகும் சிரையையும் இணைத்துவிடுவார்கள். இதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். 1966-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்களும் ஆப்பெல் என்ற சர்ஜனும் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்னால், 1960 முதல், கைக்கு வெளியே டெஃப்லான் குழாய் தொங்கவிட்டு டயாலிசிஸ் செய்தார்கள். அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கும்.

தமனிக்குள் அழுத்தம் 120/80 என்று வைத்துக்கொண்டால், கையில் உள்ள சிரைக்குள் அது பத்து அளவில்கூட இருக்காது. அதனால் சிரையின் சுவர் மெல்லிசு. இணைத்த முதல் நாள் தொட்டால் பொசுக்கென்று அமுங்கும். அதில் அப்போதே டயாலிசிஸ் ஊசியைக் குத்தினால் பிய்த்துக்கொண்டு ரத்தம் தோலுக்கடியில் பரவிக் கை நீலமாகிவிடும். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை காத்திருப்போம். அதற்குள் அந்தச் சிரை விரிந்து, சுவர் தடித்து, தமனி மாதிரி ஆகிவிடும். விட்டம் 6 மில்லிமீட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 600 மில்லி, தோலிலிருந்து ஆழம் 6 மில்லிமீட்டருக்குள் என்பது பொதுவாகப் பார்க்கும் கணக்கு. நன்றாகப் பழுத்த ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். நாங்கள் அதைத் த்ரில் என்போம்.

யாரும் அந்தச் சிரைக்குத் தைலம் தடவவில்லை, சாறு கொடுக்கவில்லை. வேகமாக ரத்தம் ஓடியது, அழுத்தம் கூடியது. சுவர் அதை உணர்ந்து, தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொண்டது. ரத்தக்குழாய் சுவர் உயிருள்ளது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

செங்கரும்பு | 5 பிப்ரவரி, காலை 9.02

அப்போ பிரஷர் கூடினால் சுவர் பலமாகும் என்கிறீர்களா அக்கா? அவர் அப்பா மாத்திரையை நிறுத்தினது நல்லதுதான் போல!

மேலூர்க்காரி | 5 பிப்ரவரி, மதியம் 2.30

இல்லை தம்பி. இந்தக் கேள்வி கட்டாயம் வரவேண்டிய கேள்விதான், நானே அதைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். தடிப்பது வேறு, நலமாக இருப்பது வேறு.

ஃபிஸ்டுலாவில் இரண்டு விசை வேலை செய்கிறது. ஒன்று, ரத்தம் ஓடும்போது உள்சுவரை உரசிக்கொண்டு போவது. இது சீராக இருந்தால் குழாய் விரிந்து கொடுக்கும். இரண்டாவது, உள்ளேயிருந்து வெளியே தள்ளும் அழுத்தம். அதைத் தாங்கச் சுவரில் தசையும் நாரும் கூடும். பிரஷர் நோயில் இந்த இரண்டாவது மட்டும்தான் வருடக்கணக்கில் ஏறி நிற்கிறது. சின்னத் தமனிகளின் சுவர் தடிக்கும், நடுவில் உள்ள பாதை குறுகும். கிட்னிக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் சின்னக் குழாய்களில் இப்படி நடப்பதால்தான் பிரஷர் அந்த மூன்றையும் தாக்குகிறது. என்னிடம் டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுகரோ பிரஷரோ பல வருடம் கவனிக்காமல் விட்டவர்கள். வலி இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள்.

ஃபிஸ்டுலாவேகூடச் சில வருடத்தில் இணைப்புக்குப் பக்கத்தில் தடித்துச் சுருங்கும். அப்போது பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும். தடிப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

மேலூர்க்காரி | 5 பிப்ரவரி, இரவு 11.15

சுவரின் கட்டமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

தமனிச் சுவரில் மூன்று உறை. உள்ளுறையில் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள தோல், எண்டோதீலியம். நடுவுறையில் வளையம் வளையமாகத் தசைச் செல்கள், இடையிடையே எலாஸ்டின் என்ற, ரப்பர் மாதிரி நெகிழும் புரதத்தின் தகடுகள். வெளியுறையில் கொலாஜன் நார், சுவருக்கே ரத்தம் கொண்டுபோகும் குட்டிக் குழாய்கள், நரம்பிழைகள். இதயத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய தமனியான மகாதமனியின் நெஞ்சுப் பகுதியில் எலாஸ்டின் தகடுகள் சுமார் 50 அடுக்கு இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அது விரிந்து மறுபடி சுருங்கும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது எலாஸ்டின். தாய் வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடம்பு அதை மும்முரமாக உற்பத்தி செய்கிறது. வளர்ந்த பிறகு கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. சிறுவயதில் போட்ட அதே எலாஸ்டின்தான் எழுபது வயதிலும் வேலை செய்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அது உடைய உடைய, அந்தச் சுமையைக் கொலாஜன் ஏற்கிறது. கொலாஜன் உறுதியானது, ஆனால் எலாஸ்டின் அளவுக்கு நெகிழாது. வயதானால் மேல் பிரஷர் மட்டும் ஏறி, கீழ் பிரஷர் அப்படியே இருப்பதற்கும் குறைவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

ஆக, "பலமாக்குவது" என்று யோசிப்பதைவிட, இருக்கும் எலாஸ்டினைத் தேயவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று யோசித்தால் பாதை தெளிவாகும். அழுத்தம், சர்க்கரை, புகை. மூன்றும் கொடைரோட்டான் அப்பாவிடம் இருக்கிறது. என் கவலை அதுதான்.

செங்கரும்பு | 6 பிப்ரவரி, காலை 8.40

கொலாஜன் என்றதும் ஞாபகம் வந்தது. கொலாஜன் தயாரிக்க வைட்டமின் சி வேண்டும் என்று படித்திருக்கிறேன். தினம் இரண்டு நெல்லிக்காய் சாப்பிட்டால் சுவர் பலமாகத்தானே செய்யும்?

மேலூர்க்காரி | 6 பிப்ரவரி, மாலை 5.50

நீங்கள் படித்தது சரிதான். கொலாஜன் இழைகள் மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு உறுதியாக நிற்க, அதில் ஒரு வேதி மாற்றம் நடக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி இல்லாமல் முடியாது. அது அடியோடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கப்பல்காரர்கள்தான் சாட்சி. ஸ்கர்வி வந்தால் ஈறு ரத்தம் கசியும், மயிர்க்காலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டும், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். 1740-இல் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி உலகைச் சுற்றக் கிளம்பியபோது கூடப் போனவர்களில் பெரும்பாலோர் நோயிலேயே செத்தார்கள். அந்தப் பயணத்தில் ஒருவருக்கு ஐம்பது வருடத்துக்கு முன் போரில் பட்டு ஆறிய காயம் மறுபடி திறந்துகொண்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறிய தழும்பு நிற்பதுகூடக் கொலாஜனை உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருப்பதால்தான்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாக வைத்தியம் பார்த்தார். ஒரு ஜோடிக்கு சைடர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் நீர் என்று போனது. தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும்தான் சட்டென்று எழுந்து நின்றார்கள். வாட்ஸ்அப் சாற்றில் உள்ள வினிகர் அன்றைக்கே சோதிக்கப்பட்டுத் தோற்றுவிட்டது!

ஆனால் பற்றாக்குறையைப் போக்குவது வேறு, தேவைக்கு மேல் போட்டு இன்னும் பலமாக்குவது வேறு. நம் நாட்டில் பெரிய ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்று 2020-இல் வரையறுத்திருக்கிறார்கள். 100 கிராம் கொய்யாவிலேயே 200-க்கு மேல் இருக்கிறது. அரைக் கொய்யா தின்றாலே அன்றைய கணக்கு முடிந்தது. அதற்கு மேல் போவது பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும். சாப்பிடுங்கள், நல்லது. இரண்டு நெல்லிக்காய் தின்றேன் என்று பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொலாஜன் பவுடர் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். வயிற்றுக்குள் போனதும் பருப்பு, முட்டை மாதிரி அதுவும் செரித்து உடைந்துவிடும். அங்கிருந்து நேராக மகாதமனிச் சுவருக்குப் போய் உட்காரும் வழி எதுவும் கிடையாது.

மேலூர்க்காரி | 6 பிப்ரவரி, மாலை 6.05

மேலே எழுதியதைக் கிட்னி நோயாளிகளும் படிப்பார்கள் என்பதால் உடனே இதைச் சேர்க்கிறேன். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பழ யோசனை பொருந்தாது. கொய்யா, வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி வேலை செய்தால் பொட்டாசியம் பிரஷரைக் குறைக்க உதவும். வேலை செய்யாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்தும். கோடையில் "ஒரே ஒரு இளநீர்தான் குடிச்சேன்" என்று ஆம்புலன்ஸில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைட்டமின் சி மாத்திரையும் அதிக அளவில் அவர்களுக்கு ஆகாது, ஆக்சலேட்டாக மாறி உடம்பில் படியும். நீங்கள் போகும் யூனிட்டில் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

ராத்திரி ஷிப்ட் | 7 பிப்ரவரி, அதிகாலை 3.12

மாமாவுக்குப் பைபாஸ் ஆச்சு. காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்தார்கள், நெஞ்சிலிருந்தும் ஒன்று எடுத்தார்கள். நெஞ்சில் உள்ளதுதான் ரொம்ப நாள் வரும் என்று சர்ஜன் சொன்னார். ஏன் என்று கேட்க நேரமில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மேலூர்க்காரி | 7 பிப்ரவரி, இரவு 9.30

தெரிந்தவரை சொல்கிறேன். இந்த உரையாடலிலேயே மிக அழகான கேள்வி இது.

காலில் எடுப்பது சிரை. அதை இதயத்தின் மேல் வைத்ததும் தமனியின் அழுத்தத்தை முதல் முறையாகச் சந்திக்கிறது. தடிக்கிறது, பிறகு அதிலேயே கொழுப்பும் படிகிறது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிதான் திறந்திருக்கும். நெஞ்செலும்புக்குப் பக்கவாட்டில் ஓடும் தமனியை வைத்தால், பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கிறது. அந்தத் தமனியில் உள்ளுறைக்கு அடியில் உள்ள எலாஸ்டின் தகடு ஓட்டையில்லாமல் ஒரே சீராக இருக்கும். அதனால் நடுவுறைத் தசைச் செல்கள் உள்ளே நுழைந்து பெருகுவது குறைவு. அதோடு அதன் எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை நிறையச் சுரக்கும்.

நைட்ரிக் ஆக்சைடு கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் மகாதமனியிலிருந்து துண்டு வெட்டி, அதன் மேல் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில துண்டு தளர்ந்தது, சில துண்டு தளரவேயில்லை. தேடிப் பார்த்ததில், தளராத துண்டுகளில் வெட்டும்போதோ கையாளும்போதோ உள்பக்கம் உரசி எண்டோதீலியம் போயிருந்தது. அந்த ஒற்றைச் செல் தோல் இருந்தால் குழாய் தளர்கிறது, அதை உரசி எடுத்தால் தளர்வதில்லை. 1980-இல் இதை வெளியிட்டார். அந்தத் தோல் அனுப்பும் சமிக்ஞை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. சில நொடிதான் அதற்கு ஆயுசு. அதற்குள் பக்கத்துத் தசைக்குத் "தளர்ந்து கொடு" என்று சொல்லிவிடும். தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைச் சுரக்க வைப்பது எது? ரத்தம் வேகமாக உரசி ஓடுவது. நடக்கும்போது காலிலும் இதயத்திலும் ஓட்டம் கூடும், சுரப்பும் கூடும். ஃபிஸ்டுலா போட்டவருக்கு ரப்பர் பந்தைக் கொடுத்து "அமுக்கிக்கிட்டே இருங்க" என்று சொல்வதும் கையில் ஓட்டத்தைக் கூட்டத்தான். சுவருக்குச் சத்து மருந்து என்று ஒன்றை நான் காட்ட வேண்டுமானால் அது நடைதான். இதை மனதாரச் சொல்கிறேன்.

ராத்திரி ஷிப்ட் | 8 பிப்ரவரி, அதிகாலை 2.55

நன்றி அக்கா. மாமா சிகரெட்டை விட்டுவிட்டார். என் ஷிப்டில் பாதி ஆள் விடவில்லை.

மேலூர்க்காரி | 8 பிப்ரவரி, மதியம் 1.10

மாமாவை நான் பாராட்டினேன் என்று சொல்லுங்கள். புகைத்த கொஞ்ச நேரத்திலேயே எண்டோதீலியம் தளரும் திறனை இழக்கிறது. விட்டு ஒரு வருடம் ஆனால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மாத்திரையே இல்லாமல் இவ்வளவு பெரிய பலன் வேறெதில் இருக்கிறது?

பீடி இலையில் சுற்றியது, இயற்கை என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது புகையிலைதான். பீடி சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் இன்னும் இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது.

மேலூர்க்காரி | 8 பிப்ரவரி, இரவு 10.20

புகை பற்றி இன்னொன்று. வயிற்றுக்குள் ஓடும் மகாதமனி சாதாரணமாகச் சுமார் 2 சென்டிமீட்டர் அகலம். 3 சென்டிமீட்டர் ஆனால் புடைப்பு என்பார்கள். ஆண்களுக்கு 5.5-ஐத் தாண்டினால் பொதுவாக ஆபரேஷன் பேச்சு வரும். இதற்குப் புகைதான் முதல் எதிரி. புகை வீக்கத்தைத் தூண்டி, எலாஸ்டினைத் தின்னும் நொதிகளை அவிழ்த்துவிடுகிறது.

புடைக்கத் தொடங்கிய குழாய் ஏன் புடைத்துக்கொண்டே போகிறது என்பதற்கு லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பெயரில் ஒரு விதி இருக்கிறது. உள்ளழுத்தம் மாறாவிட்டாலும், குழாயின் அகலம் இரண்டு மடங்கானால் சுவரின் மேல் இழுவை இரண்டு மடங்காகும். சுவர் மெலிந்துகொண்டும் போவதால் நிலைமை இன்னும் மோசம். இதே விதியைத் திருப்பிப் பார்த்தால், ஒரே செல் தடிமனுள்ள தந்துகி, அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய், ஏன் வெடிப்பதில்லை என்பதும் புரியும். ஒரு சிவப்பணு நெருக்கிப் போகும் அளவுக்குத்தான் அதன் உள்வழி. அகலம் அவ்வளவு சிறிது என்பதால் இழுவையும் அவ்வளவு சிறிது.

ஐன்ஸ்டீனுக்கு இந்த வயிற்றுப் புடைப்பு இருந்தது. சுங்கான் புகைத்தவர். 1948-இல் ருடால்ஃப் நிசன் என்ற சர்ஜன் அதன் மேல் செல்லோஃபேன் தாளைச் சுற்றி வைத்தார். தாள் உறுத்துவதால் சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து சுவரை இறுக்கும் என்பது திட்டம். ஆறு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தபோது மறு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

65 தாண்டிய, எப்போதாவது புகைத்த ஆண்கள் ஒரே ஒரு முறை வயிற்று ஸ்கேனில் மகாதமனி அகலத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஊசி இல்லை, வலி இல்லை.

மேலூர்க்காரி | 9 பிப்ரவரி, காலை 7.00

லாப்லாஸ் என்றதும் என் வேலையிலிருந்து ஓர் உதாரணம் நினைவுக்கு வந்தது. ஃபிஸ்டுலாவில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் மெலிந்து முட்டையளவு புடைக்கும். நோயாளிகள் அங்கேயே குத்தச் சொல்லிக் கெஞ்சுவார்கள், ஏனென்றால் மரத்துப்போய் வலி தெரியாது. புடைத்த தோல் பளபளவென்று மின்ன ஆரம்பித்தாலோ, பொருக்கு ஆறாமல் நின்றாலோ எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அது எந்த நேரமும் கிழியலாம், கிழிந்தால் நிமிடக் கணக்குத்தான். அதனால்தான் ஏணிப்படி மாதிரி இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறோம். "வலிக்குது சிஸ்டர்" என்று யாராவது கோபித்துக்கொண்டாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குத்திய இடத்துக்கு ஆறவும், சுவரை மறுபடி நெய்யவும் நாள் வேண்டும்.

பழைய பஸ்ஸ்டாண்ட் | 9 பிப்ரவரி, மாலை 4.45

என் அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். கை எக்ஸ்ரே எடுத்தபோது எலும்போடு சேர்ந்து ரத்தக்குழாயும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கால்சியம் என்றார்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்டதாலா?

மேலூர்க்காரி | 9 பிப்ரவரி, இரவு 11.40

அம்மா எப்படி இருக்கிறார்? பதில் கொஞ்சம் நீளம்.

கிட்னி வேலை செய்யாதபோது பாஸ்பரஸ் வெளியேறாது. அது ரத்தத்தில் ஏறினால் நடுவுறையில் உள்ள தசைச் செல்கள் தசையாக இருப்பதை விட்டு எலும்புச் செல்களைப் போல நடக்கத் தொடங்கும், சுண்ணாம்பைப் படிய வைக்கும். வெறும் படிவு என்று நினைப்பதைவிட, சுவரே எலும்பாக மாற முயல்கிறது என்று சொல்வதுதான் நெருக்கம். கால்சியம் மாத்திரையும் அளவுக்கு மீறினால் இதற்கு உதவி செய்துவிடும். அதனால் அம்மாவின் மாத்திரைகளை டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மாத்திரை இருந்தால் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் அது வீண், உணவில் உள்ள பாஸ்பரஸ் அதற்குள் உள்ளே போயிருக்கும். நிறையப் பேர் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ராத்திரி படுக்கும்போது விழுங்குகிறார்கள். கறுப்பு கோலா பானங்களிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் உடம்பில் சுலபமாக ஏறும். பயறு, பருப்பில் இருப்பது அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

சர்க்கரைக்காரர்களுக்கும் இந்த நடுவுறைச் சுண்ணாம்பு வரும். அப்படிப்பட்டவர்களுக்குக் காலில் பிரஷர் எடுத்தால் பட்டை இறுக்கினாலும் தமனி அமுங்காது, அளவு பொய்யாக ஏறிக் காட்டும். கால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

மேலூர்க்காரி | 10 பிப்ரவரி, காலை 6.35

சர்க்கரையைப் பற்றி ஒரு வரிதான் சொன்னேன், அது போதாது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால், மெதுவாகத் தானாகவே புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாத சராசரி என்று எடுக்கும் பரிசோதனையில் பார்ப்பது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை. அதே ஒட்டல் சுவரின் கொலாஜனிலும் நடக்கிறது. சிவப்பணு நாலு மாதத்தில் மாறிவிடும். கொலாஜன் பல வருடம் இருக்கும், அதனால் அங்கே ஒட்டியது பக்கத்து இழையோடு பிணைந்து முடிச்சாகி, சுவரை விறைக்க வைக்கும். சுகர் இந்த மாதம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: குழாய்ச் சுவர் வருடக்கணக்கை வைத்திருக்கிறது.

விழித்திரையில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே தந்துகிகளை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் செல்கள் உண்டு. சர்க்கரையில் முதலில் சாவது அவைதான். பிடி போனதும் தந்துகி சின்னச் சின்ன மொட்டாகப் புடைத்துக் கசியும். வருடம் ஒருமுறை கண்ணைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். உடம்பில் ரத்தக்குழாயை வெட்டாமல் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் விழித்திரை.

கொடைரோட்டான் | 11 பிப்ரவரி, இரவு 8.15

டாக்டரிடம் போனோம். 172/98. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். சாற்றை நிறுத்தச் சொன்னார், அப்பாவுக்குக் கோபம். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கிவிட்டேன், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு தடவை வேறு வேறு காட்டுகிறது.

மேலூர்க்காரி | 11 பிப்ரவரி, இரவு 9.50

ரொம்பச் சந்தோஷம். மெஷின் வாங்கியதும் நல்ல காரியம்.

பார்க்கும் முறை முக்கியம். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் பீடியும் காபி, டீயும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். டிவியில் சண்டைக் காட்சி ஓடினால் அணைத்துவிடுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் வெறும் கையில் பட்டையைக் கட்டி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை எடுத்து, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் என்று ஒரு வாரம் எழுதினால் டாக்டருக்கு அது தங்கம்.

கோபத்துக்கு ஒரு யோசனை. சாற்றைப் பிடுங்கினோம் என்று இல்லாமல், அந்த நேரத்துக்கு வேறொன்றைக் கொடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஸ்பூனைத் தேடும் நேரத்தில் அவரோடு நீங்களும் சேர்ந்து நடங்கள். இஞ்சியும் பூண்டும் ரசத்தில் இருக்கட்டும், அதில் தப்பில்லை. உப்பைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் நான்கும் ஒரே இலையில் இருந்தால் அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிடும்.

பழைய பஸ்ஸ்டாண்ட் | 12 பிப்ரவரி, காலை 10.05

அம்மா மாத்திரையை ராத்திரிதான் போட்டுக்கொண்டிருந்தார் அக்கா. நீங்கள் சொன்னதும் மாற்றினோம். ஃபிஸ்டுலா இடது கையில். வீட்டு மெஷினை எந்தக் கையில் கட்டுவது?

மேலூர்க்காரி | 12 பிப்ரவரி, மதியம் 3.20

வலது கையில் மட்டும். இடது கையில் பிரஷர் பட்டை, ரத்தம் எடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது எதுவும் கூடாது. இறுக்கமான வளையலைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். தூங்கும்போது அந்தக் கையைத் தலைக்கு அடியில் மடக்கி வைக்கக் கூடாது, கடையிலிருந்து பை தூக்கி வரும்போதும் அந்தக் கையில் மாட்டக் கூடாது.

காலையில் எழுந்ததும் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று அம்மாவே பார்க்கப் பழகட்டும். அதிர்வு நின்று துடிப்பு மட்டும் கெட்டியாகத் தெரிந்தாலோ, எதுவுமே தெரியாவிட்டாலோ, அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே யூனிட்டுக்கு ஃபோன் செய்யுங்கள். ரத்தம் உறைந்திருந்தால் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.